ஆறாம் வகுப்புப் பையனும் பள்ளிக்கூடக் கழிப்பறையும்

தண்டையார்பேட்டை,
ஜூன் 3

அன்புள்ள மல்லிகா,

கிட்னி மாற்று ஆபரேஷன் ஆன பையனை உன் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாமா என்று நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டு விஷயம் அப்புறம்.

சேர்த்துக்கொள். பள்ளிக்குப் போகலாம் என்று அவனுடைய டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் நீ ஏன் தயங்க வேண்டும்? மற்ற பிள்ளைகளின் சளியும் இருமலும் ஒட்டிக்கொள்ளும் என்று அவன் அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தாய். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில், மாற்று ஆபரேஷன் ஆன குழந்தைகள் காய்ச்சலோடு திரும்பி வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது யூரின் இன்ஃபெக்ஷனைத்தான். பாக்டீரியாத் தொற்றுகளில் இவர்களுக்கு அதிகமாக வருவது அதுதான்.

காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் கிட்னியைக் கெடுக்கின்றன. குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே சிறுநீர்ப் பாதையில் கோளாறு. ஆண் குழந்தைகள் சிலருக்குச் சிறுநீர்க் குழாயில் ஒரு சவ்வு வளர்ந்து வழியை அடைத்திருக்கும். 'வால்வு கேஸ்' என்போம். பிறந்த கையோடு அதை வெட்டிவிட்டாலும், அதற்குள் சிறுநீர்ப்பை தடித்து, சிறுநீர் மேலே ஏறி, கிட்னி பாழாகத் தொடங்கியிருக்கும். உன் பையனும் இந்த வகை என்று நீ எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். வந்திருப்பது அம்மாவின் நல்ல கிட்னி, ஆனால் பை பழைய பைதான். அது முழுசாகக் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் ஈ.கோலை மாதிரிக் கிருமிகள் பெருகும். புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனலேட், ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் வேறு.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உன் பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது? தாழ்ப்பாள், தண்ணீர் உண்டா?

வியாசர்பாடிப் பையன் ஒருவன் அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷனோடு வருவான். டாக்டர்கள் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் அவன் பாட்டிதான் சொன்னது, காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது என்று. பள்ளியில் கழிப்பறைக் கதவு மூடாதாம். அதனால் தண்ணீரே குடிக்காமல், காலையிலிருந்து நாலு மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதற்கு எந்த ஆன்டிபயாடிக் என்ன செய்யும், சொல்லு?

உன் டீச்சர்களிடம் சொல்லி வை. அவன் கையைத் தூக்கிக் கேட்க வேண்டாம், எழுந்து போகட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும், தோன்றாவிட்டாலும். ஒரு முறை போய்விட்டுச் சில நிமிஷம் கழித்து மறுபடி போகச் சொல்லியிருப்பார்கள், பையில் மிச்சம் நிற்காமல் இருக்க. மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் அவன் நிறுத்திவிடுவான், அதைக் கவனி. எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பார். மலச்சிக்கலும் கூடாது, முட்டிக்கொண்டு நிற்கும் குடல் சிறுநீர்ப்பையைச் சரியாகச் சுருங்க விடாது.

ஆஸ்பத்திரி பக்கத்துக் காரியங்கள் அவனுக்கு முடிந்திருக்கும். கத்தி வைப்பதற்கு முன்பே ஒரு டோஸ் ஆன்டிபயாடிக், சிறுநீர் டியூபைச் சீக்கிரம் எடுப்பது, சிறுநீர் இறங்கும் வழியில் வைத்த ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயைச் சில வாரங்களில் எடுப்பது. டியூபும் ஸ்டென்டும் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு லாபம்தான். செப்ட்ரான் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறானா என்று கேள். முக்கியமாக ஒரு வகைப் பூஞ்சை நிமோனியாவுக்காகத் தருவது அது, யூரின் இன்ஃபெக்ஷனையும் கொஞ்சம் தடுக்கும். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

தடுப்பூசி அட்டையையும் பார். நிமோகாக்கல் ஊசி நாடு முழுக்க அரசு அட்டவணைக்குள் வந்தது 2021-இல்தான். உன் பையன் பிறந்தபோது இங்கே இலவசமாகக் கிடையாது. ஆபரேஷனுக்கு முன்பு தனியாகப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் டாக்டரிடம் கேட்கச் சொல். தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமி ஊசிகளை இனி போட மாட்டார்கள். பள்ளியில் முகாம் நடந்தால் அவனை வரிசையில் நிறுத்திவிடாதே.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது மெடிக்கல் ஷாப்பில்தான். காய்ச்சல் என்றதும் நாலு மாத்திரையை உதிரியாகக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கிளாரித்ரோமைசின் சாப்பிட்டால் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறிக் கிட்னியையே தாக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதை நேர்மாறாக இறக்கிவிடும், உடம்பு கிட்னியை ஒதுக்கத் தொடங்கும். வலிக்கு இபுப்ரோஃபென் கூடவே கூடாது. 100.4 டிகிரி தாண்டினால் நேரே அவனுடைய ஆஸ்பத்திரிக்குப் போன். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும், அதனால் சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, புதுக் கிட்னி இருக்கும் அடிவயிற்றில் வலி என்றாலோ அதையும் காய்ச்சல் மாதிரியே எடுத்துக்கொள். இன்னொன்று: சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் கிருமி தெரிந்தாலே மருந்து என்பதும் இல்லை. ஆபரேஷன் ஆகிச் சில மாதம் போனபின், காய்ச்சல் எரிச்சல் ஒன்றும் இல்லாவிட்டால் டாக்டர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வீணாகக் கொடுத்தால் அடுத்த கிருமி எந்த மருந்துக்கும் மசியாது. அவன் அம்மாவுக்கு இதை நீதான் புரிய வைக்க வேண்டும்.

வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் நடக்க விடாதே, எலிக் காய்ச்சல் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர். கிட்னி மாற்றிய ஒரு பெண்ணை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டே மெயின் ரோடு வரை போனார். தெருவில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சரி, நம் கதை. இவருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டரிடம் வரமாட்டேன் என்கிறார். மகன் சோழிங்கநல்லூருக்கு வந்துவிடு என்று நச்சரிக்கிறான். மெட்ரோ எங்கள் பக்கமாகவே விம்கோ நகர் வரை ஓடுகிறது, இதை விட்டு நான் எங்கே போக? மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை, காசிமேட்டில் வஞ்சிரம் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். கருவாட்டிலேயே காலம் தள்ளுகிறோம்.

பையனின் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, எந்த மாத்திரை பள்ளி நேரத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அந்தத் தாழ்ப்பாளைப் பள்ளி திறக்கும் முன்பே போட்டுவிடு. பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காதே, நூறு இருநூறு ரூபாய் வேலைடி.

அன்புடன்,
சாந்தா