பிரஷரை எழுதி வை, கண்ணு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டாகிவிட்டது. ஈரோட்டில் விலை கொஞ்சம் ஏறட்டும் என்று அப்பா காத்திருக்கிறார். கிழக்குத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புடவை உனக்கு எடுப்பாக இருக்கிறது. மோதிரத்தை ஏன் கழற்றி வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. முகம் பூரித்திருப்பதாகச் சொல்லி அப்பா மகிழ்ந்தார். அவரிடம் நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்குப் படத்தில் புடவை மட்டும் தெரிவதில்லை, கண்ணு.

மாலையில் கணுக்கால் வீங்குவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உள்ளதுதான். இரவு காலை நீட்டிப் படுத்து எழுந்தால் வடிந்துவிடும். காலையில் எழும்போதே முகமும் விரல்களும் வீங்கியிருந்தாலோ, ஒரே வாரத்தில் எடை சட்டென்று ஏறியிருந்தாலோ, நாங்கள் வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் பிரஷர் கருவியைத்தான் எடுப்போம். 20 வாரங்களுக்குப் பிறகு, 4 மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுத்த இரண்டு அளவுகளிலும் மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 என்றோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால ரத்த அழுத்தம். அதனுடன் சிறுநீரில் புரதமும் இறங்கினால் ப்ரீ-எக்லாம்ப்சியா; அது முற்றினால் வலிப்பு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், சோதனைக் குழாயில் சிறுநீரை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்ட பிறகும் கலங்கல் தெளியாமல் நின்றால் ஆல்புமின் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். இப்போது ஒரு குச்சியை நனைத்தால் நிறம் சொல்லிவிடுகிறது.

28ஆம் வாரம் வரை சனிக்கிழமைதோறும் அளவை அனுப்பிக்கொண்டிருந்தாய். அதன் பிறகு அனுப்பவில்லை. வேலை அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கருவியை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காக அப்பா வாங்கி அனுப்பவில்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சின் மட்டத்தில் வைத்துப் பார். பட்டையைச் சட்டைத் துணியின் மேல் சுற்றாதே; பார்க்கும்போது அலுவலகத்து ஆட்களோடு போனில் பேசாதே. காலையிலும் இரவிலும் பார்த்து, தேதியோடு எழுதி வை. ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ளவர்களுக்குச் சில எலக்ட்ரானிக் கருவிகள் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், அடுத்த செக்கப்புக்கு அதையும் எடுத்துச் சென்று மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்.

நீ சிறுமியாக இருந்தபோது, நைட் டூட்டி முடிந்து வந்த சில காலைகளில் நான் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று கேட்பாய், நான் சொன்னதில்லை. வலிப்பு வந்த பெண்ணை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, வாயில் சேரும் எச்சிலை உறிஞ்சி எடுத்து, ஆக்ஸிஜன் வைத்து, கட்டிலின் பக்கத் தடுப்பை ஏற்றிவிட்டு, கை கால்களை அமுக்கிப் பிடிக்காமல், பற்களுக்கு நடுவே எதையும் திணிக்காமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். மெக்னீசியம் சல்ஃபேட்டை முதலில் 4 கிராம் ரத்தக் குழாயில் மெதுவாகவும், உடனே இரு புட்டங்களிலும் 5 கிராம் வீதமும் செலுத்துவோம். பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் முழங்காலைத் தட்டினால் கால் துடிக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா என்று பார்க்காமல் மருந்தைத் தொடக்கூடாது. ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். மெக்னீசியம் மிஞ்சிப்போனால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் டிரேயில் எப்போதும் தயாராக இருக்கும். ப்ரீ-எக்லாம்ப்சியா உள்ள பெண்களுக்கு வலிப்பு வரும் ஆபத்தை இந்த மருந்து பாதியாகக் குறைக்கிறது என்பதை பல நாடுகளில் நடத்தி 2002இல் வெளியான மேக்பை என்ற மருத்துவ ஆய்வு உறுதி செய்தது. எங்கள் வார்டுக்கு அது புதிய செய்தியாக இல்லை.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வலிப்பு வரும் முன்பே வந்து சேர்ந்து, மருந்து ஏற்றிக்கொண்டு, பிள்ளையோடு வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிராம சுகாதார செவிலியர் யாராவது அளவை எழுதி வைத்திருப்பார், ஏறுவதைக் கண்டு அனுப்பி வைத்திருப்பார். பர்கூர் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த பெண்களின் கையில்கூட அளவு எழுதிய அட்டை இருந்தது. இவ்வளவு படித்த உன்னிடம் ஒரு தாளில் எழுதி வை என்று நான் மூன்றாவது முறையாகக் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதே.

காய்ச்சலை மறைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி, பள்ளியில் முதலாவதாக வந்தவள் நீ. அதை இன்றைக்கும் ஊரில் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மன உறுதி எனக்குப் பெருமைதான். ஆனால் இந்தப் பரீட்சையில் எதையும் மறைத்துத் தேற முடியாது.

உப்பில்லாமல் சமைத்துப் போடுவதாகச் சம்பந்தி அம்மா சொன்னார். அவர் அக்கறையில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் உப்பை நிறுத்துவதால் இந்த நோய் வராமல் போவதில்லை என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல். ஊறுகாயும் அப்பளமும் அளவோடு இருந்தால் போதும். டாக்டர் சொல்லாமல் நாள் முழுதும் படுத்தே கிடப்பதும் வேண்டாம், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைய அது இடம் கொடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதே; குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடு. காபி குடித்த வாயோடு இரும்பு மாத்திரையைப் போடாதே. சர்க்கரைச் சோதனையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டாம் மணி அளவு 140-க்குள் வந்துவிட்டதால் அந்தக் கவலை எனக்கு இல்லை.

பிள்ளையின் அசைவை மறக்காதே. சாப்பிட்ட பிறகு இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டு எண்ணு. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியாவிட்டாலோ, வழக்கமாகத் துள்ளும் பிள்ளை அடங்கிவிட்டதாக உனக்குத் தோன்றினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அப்போதே கிளம்பு. ரத்தப்போக்கு, வலியே இல்லாமல் பட்டாலும் சரி, வயிறு கல்லாக இறுகி வலித்துப் பட்டாலும் சரி, அப்படித்தான். ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இல்லை என்று தெரியும்வரை உள்பரிசோதனை செய்யக்கூடாது என்பதால் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துப் போ.

உன் சின்னம்மாவின் விஷயத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் இப்போது பேசப் போவதில்லை. அவளுக்கும் தலைவலி என்றுதான் தொடங்கியது. படுத்து எழுந்தும் தீராத தலைவலி, கண் மங்குவது, கண்ணில் மின்னல் அடிப்பது, மேல் வயிற்று வலி, வாந்தி, சிறுநீர் குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் பித்தம் என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதே. பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம். முதல் இரண்டு நாட்கள் மிகவும் கவனம் வேண்டும், ஆறு வாரம் வரை அளவு பார்ப்பதை விடக்கூடாது.

நீ எதற்காகச் சொல்லாமல் இருக்கிறாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் கட்டுச்சோற்று விருந்துக்கு அப்பா மண்டபம் பேசிவிட்டார், சொந்தக்காரர்களுக்கு வாய்ச்சொல்லும் போய்விட்டது, இனி எப்படி வர முடியாது என்று சொல்வது என நினைத்தாயானால், அந்த நினைப்பை இன்றோடு விடு. மண்டபத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று உன் அப்பத்தா பிடிவாதம் பிடித்தால் அவரிடமும் நானே பேசுகிறேன். இந்த நிலையில் நீ ரயில் ஏறி வர வேண்டாம். ரத்த வங்கியும் பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனை உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது அங்கேயே பெற்றுக்கொள். டிக்கெட் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். சம்பந்தி அம்மாவின் அடுப்படியில் தலையிட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை செக்கப்பில் டாக்டரிடம் பிரஷர், சிறுநீர்ப் புரதம், ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, ஈரல் சோதனை, பிள்ளையின் வளர்ச்சி ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள். 34 வாரத்துக்கு முன்னதாகவே பிரசவம் ஆக வேண்டியிருந்தால் பிள்ளையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி எப்போது என்றும் கேள். வீட்டில் அளவு 140/90 தொட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார். 160/110 என்று காட்டினால், பெட்டியை அடுக்கிக்கொண்டு இருக்காதே, எனக்கும் போன் செய்துகொண்டு இருக்காதே. மாப்பிள்ளையைக் காரை எடுக்கச் சொல்லி மருத்துவமனைக்குப் போ. எனக்குச் சொல்வது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு போதும்.

அன்புடன்,
அம்மா