அம்மிணிக்கு: மூச்சை எண்ணிப் பழகு

லீட்ஸ்
ஜனவரி 18

அம்மிணி,

உன் கடுதாசி வந்து மூணு வாரமாச்சு. நைட் டூட்டி, தூக்கம், மறுபடி நைட் டூட்டின்னு ஓடிப்போச்சு, கோவிச்சுக்காதே. இங்க நர்ஸாப் பதிய எழுதற கம்ப்யூட்டர் பரீட்சை, அந்த சிபிடிக்குத் தேதி வாங்கிட்டேன்னு நீ எழுதின பொறகும் சும்மா இருந்தது தப்புத்தான்.

இங்க சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டு கட்டிக்குது. மத்தபடி சௌரியந்தான். நான் தாளிக்கறப்பெல்லாம் கீழ்வீட்டுப் பாட்டி மேல வந்து கதவைத் தட்டி, ஏதாச்சும் தீயுதான்னு கேக்குது. போன வாரம் ஒரு கிண்ணம் கொள்ளுப்பருப்பு குடுத்தேன். கிண்ணத்தைக் கழுவி, உள்ள ரெண்டு பிஸ்கட் வெச்சுத் திருப்பிக் குடுத்துச்சு. கொள்ளு போன எடந்தான் தெரியல.

சரி, பரீட்சைக்கு வர்றேன். கணக்கு 15 கேள்வி, 30 நிமிஷம். நர்சிங் 100 கேள்வி, ரெண்டரை மணி நேரம். கணக்குல உனக்குப் பயமில்லை, மாட்டி விடறது அலகுதான். சீட்டுல இருதய மருந்து டிகாக்சின் 0.125 மில்லிகிராம்னு இருக்கும், கையில இருக்கற மாத்திரை 62.5 மைக்ரோகிராமா இருக்கும். மொதல்ல 125 மைக்ரோகிராம்னு மாத்து, அப்பறம் வகு, ரெண்டு மாத்திரை. சர்க்கரையை இங்க மில்லிமோல்ல சொல்லுவாங்க. 18-ஆல பெருக்குனா நம்மூர் மில்லிகிராம் கணக்கு வந்துரும். 4-க்குக் கீழ போனா, நம்ம கணக்குல 72, தாழ்சர்க்கரைன்னு பார்ப்பாங்க. முழிப்பா இருந்து முழுங்க முடிஞ்சா 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ், 10–15 நிமிஷத்துல மறுபடி குத்திப் பாக்கணும்.

இதெல்லாம் படிச்சா வந்துரும். நம்ம புள்ளைங்க தோக்கறது மூச்சுலதான். நம்மூர் வார்டுல சார்ட்டைப் பொரட்டிப் பாரு, இருபது கட்டில்லயும் நிமிஷத்துக்கு மூச்சு 18, இல்லீன்னா 20. யாரும் எண்ணறதில்லை. இங்க நாடி, மூச்சு, அழுத்தம்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டுக் கூட்டற நியூஸ் டூ சார்ட்டுல, மார்க் கூடக் கூட ஆபத்து, அந்த ஒரு எண்ணுதான் வண்டியவே திருப்பும்.

ஒரு நோயாளிக்கு ஆக்சிஜன் வெக்காமயே அளவு 95, மேல் ரத்த அழுத்தம் 118, நாடி 96, காய்ச்சல் 37.8, நல்லாப் பேசறாரு. மூச்சு 25. ஆக்சிஜன் அளவுக்கு 1, நாடிக்கு 1, மூச்சுக்கு 3, ஆக 5. மணிக்கொரு தடவை பாக்கணும், டாக்டரை அவசரமாக் கூப்பிடணும். நீ எண்ணாம 18-ன்னு எழுதியிருந்தா கூட்டுத்தொகை 2, அடுத்து நாலு மணி நேரம் கழிச்சுப் பாத்தாப் போதும்னு சார்ட்டே சொல்லும். ரத்தத்துல கிருமி ஏறினா அமிலம் கூடும், அதை வெளிய தள்ள ஒடம்பு மொதல்ல மூச்சைத்தான் வேகமாக்கும். அழுத்தம் எறங்கறது பின்னாடி. அந்த நாலு மணி நேரத்துல ஆளே போயிரலாம்.

எண்றப்ப எண்றேன்னு சொல்லாதே, சொன்னா மூச்சு மாறும். நாடி பாக்கற மாதிரி மணிக்கட்டைப் புடிச்சுட்டே நெஞ்சைப் பாரு. முழுசா 60 நொடி. 15 நொடி எண்ணி நாலால பெருக்குனா, ஒண்ணு விட்டாலே நாலு தப்பு. ஆளு புதுசாக் கொழப்பமாப் பேசினாலும் அதுக்கு 3 உண்டு, அதை "வயசாச்சு"ன்னு விட்டுராதே. ஆஸ்கியிலயும், அதான் செஞ்சு காட்டற பரீட்சை, இதேதான் பாப்பாங்க. அலர்ஜி கேக்க மறந்தா, பேரும் பொறந்த தேதியும் சரிபாக்க மறந்தா, மத்ததெல்லாம் சரியாச் செஞ்சும் பிரயோஜனமில்லை.

நோம்பிக்கு ஒப்புட்டு சுட்டீங்களா? பட்டியில யாரு பொங்க வெச்சது? இப்ப நம்ம காட்டுல மஞ்சள் வேக வெக்கற நேரமாச்சே. நேத்து நைட் வார்டுல ஏதோ ஒரு வாசம், ஒரு நொடி அதேன்னு நெனச்சுட்டேன். துணி காய வெக்கற மிஷினு.

இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளித்தான் வரும், பேங்க் வேலை. ஓவர்டைம் எடுக்கறது பொழுது போகறதுக்கு. அம்மாகிட்ட அப்படியே சொல்லிரு. மாமாவுக்கு நானே போன் பண்றேன்.

அப்பிச்சிக்கு இளைப்பு கூடிருக்குன்னு ஒத்த வரியில எழுதியிருக்கறே. மூச்சு எத்தனைன்னு எழுதலையே? இன்ஹேலரைக் குலுக்கி, அதுல மாட்டற குழாய், ஸ்பேசர்ல ஒரு தடவை அமுக்கி, உள்ள இழுத்து 10 நொடி புடிக்கறாரா, இல்ல வாயில அடிச்சுட்டுப் பேச ஆரம்பிச்சர்றாரா? கோபி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா அவருக்கு சிஓபிடி, நாள்பட்ட நுரையீரல் அடைப்புன்னு மொதல்லயே சொல்லு. ஆக்சிஜன் வெச்சா 88–92 போதும், 98-க்கு ஏத்தினா கார்பன் டை ஆக்சைடு தங்கி மயங்கிப் போயிரலாம்.

ராத்திரி அவரு திண்ணையில கண்ணசந்ததும் பக்கத்துல உக்காந்து ஒரு நிமிஷம் எண்ணு. 25-ஓ அதுக்கு மேலயோன்னா விடியற வரைக்கும் காத்திருக்காதே, அப்பவே வண்டியெடுக்கச் சொல்லு. இல்லீன்னா எண்ணை எனக்கு எழுது. 20-ன்னு மட்டும் எழுதீராதே.

உன்
அக்கா