டர்பனிலிருந்து அண்ணனுக்கு

டர்பன், நேட்டால், தென் ஆப்பிரிக்கா
ஏவிளம்பி வருஷம் ஐப்பசி மாதம் (1897 அக்டோபர்)

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடம் அம்மா, நீங்கள், அண்ணி, குழந்தைகள் யாவரும் க்ஷேமமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

ஆடியில் நீங்கள் போட்ட காகிதம் போன வாரம் கைக்கு வந்தது. அதற்கு முன் மாசியில் போட்டதற்கும் நான் பதில் எழுதவில்லை. தப்புத்தான், அண்ணா. உடம்புக்கு ஒன்றுமில்லை, துரை வீட்டுச் சமையல் வேலை ஓயவில்லை, அவ்வளவே. உங்கள் மகன் பெரியவன் பட்டணத்து ஆள்சேர்ப்பு டிப்போவுக்குப் போய், இங்கே ஐந்து வருஷம் கூலி வேலை செய்யக் கைநாட்டு வைக்கிறேன் என்று நிற்பதாகவும், இவ்விடத்துச் சங்கதியை ஒளிக்காமல் எழுதும்படியும் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். வாத்தியார் ஐயாவைக் கொண்டு அவனுக்கு இரண்டு தரம் நிறுத்தி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் கப்பல். துறைமுகத்தின் வாயில் மணல்திட்டு அடைத்துக் கிடக்கிறது. பெரிய கப்பல் உள்ளே வராது, வெளியே அலையிலேயே நங்கூரம் போடும். ஆட்களைப் பிரம்புக் கூடையில் நிறுத்தி, கதவைச் சாத்தி, கயிற்றில் கட்டி, கீழே ஆடுகிற சிறு நீராவிப் படகில் இறக்குவார்கள். படகு மேலே எழும்பும் நேரம் பார்த்துக் கயிற்றை விட வேண்டும். தவறினால் கூடை தட்டென்று மோதி முழங்கால் பெயரும். மகாராணியின் கவர்னரானாலும் கூடையில்தான் இறங்குவார். அந்த ஒரு இடத்தில்தான் இந்த ஊர் எல்லாரையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்கிறது.

காலம் இங்கே தலைகீழ். ஆடியில் குளிர், மார்கழியில் கொளுத்தும் வெயிலும் மழையும். மாம்பழம் தைக்கு முன்னே பழுத்துவிடும். டர்பனில் குளிர் அதிகமில்லை, கம்பளி ஒன்று போதும். மேட்டுப் பக்கம், மாரிட்ஸ்பர்க்குக்கு அப்பால், காலையில் புல்லெல்லாம் உப்புப் பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும்.

வெள்ளைக்காரர் எப்போது வந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் கிழத்துரையைக் கேட்டால் அதையேதான் நாள் முழுக்கச் சொல்வார். பெரேயா மேட்டில் காற்றுக்காக வீடு கட்டியிருக்கும் குடும்பங்களை அவர் பெயரால் சொல்லமாட்டார், வந்த கப்பலால் சொல்வார். விடிந்ததும் தாழ்வாரத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார். எதிரே பிளஃப் மலைக் கொடிமரத்தில் கொடி ஏறினால், எந்தத் திசைக் கப்பல், என்ன ரகம் என்று எங்கள் சமையற்கட்டு வரைக்கும் கேட்கும்படி கூவுவார். பதில் சொல்ல அவர் வீட்டில் யாருமில்லை. நான் கரண்டியால் ஜன்னலைத் தட்டினால் சந்தோஷப்படுவார்.

அவர் சிறு பையனாக 1850ல் வந்தவராம். 1849 முதல் 1851 வரை சுமார் 5,000 பேர் சீமையிலிருந்து வந்தார்கள், அவர்களில் பலரை அனுப்பியவன் பைர்ன் என்ற ஏஜெண்டு. தலைக்கு 10 பவுன் கட்டினால் கப்பலும் உண்டு, 20 ஏக்கர் நிலமும் உண்டு என்பது பேச்சு. வந்து பார்த்தால் பல பேருக்குக் கல்லும் சரிவும், தண்ணீர் இல்லை, பாதை இல்லை. 20 ஏக்கர் புன்செயில் ஒரு குடும்பம் பிழைக்காது என்று நமக்குத் தெரியாதா? பைர்ன் திவாலாகிவிட்டான். நிலத்தை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து கடை வைத்தவர்கள், அச்சுக்கூடம் போட்டவர்கள், கரும்புக்குப் போனவர்கள்தான் இன்றைக்குப் பெரிய மனிதர்கள். ஏஜெண்டின் வாயை நம்பிக் கப்பலேறியது நாம் மட்டுமில்லை, அண்ணா. ஆனால் அவர்கள் இறங்கின நாள்முதல் இந்த ஊர் அவர்களுடையது.

ராபின்சன் துரையும் சிறு பையனாக 1850ல் வந்தவர். தகப்பனார் 1852ல் மெர்குரி பத்திரிகை ஆரம்பித்தார். மகன் அதை நடத்தினார், 1893ல் நேட்டால் தன்னையே ஆளும் அதிகாரம் பெற்றபோது முதல் பிரதம மந்திரியும் ஆனார். இவருக்குப் பின் வந்த எஸ்கம் துரை வக்கீல், துறைமுகச் சபையில் இருந்து அந்த மணல்திட்டோடு பல வருஷம் போராடினவர். இப்போது எலெக்ஷனில் அவர் மந்திரிசபை போய் பின்ஸ் துரை வந்திருக்கிறார், அவர் கரும்புத் தோட்டக்காரர். பத்திரிகை, கோர்ட்டு, கரும்பு, இந்த மூன்றிலிருந்துதான் மந்திரிகள் வருகிறார்கள். சட்டசபையில் 37 நாற்காலி. முனிசிபாலிட்டி, துறைமுகம், நம் ஆட்களைப் பங்கிடும் இந்தியக் குடியேற்றச் சபை, வாலண்டியர் பட்டாளம், கோவில் கமிட்டி, எல்லாவற்றுக்கும் இவர்களும் இவர்கள் சம்பந்திகளுமே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேஜையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் அதில் நான்கு சபை கூடிவிடும். இந்த வருஷம் ஜூலையில் முதல் தடவையாகப் பெரிய குதிரைப் பந்தயம் வைத்தார்கள், ஓடியது ஏழு குதிரைதான். அந்த நாளில் ஊரே அங்கேதான் இருந்தது. சட்டமே பந்தயத் திடலில் பேசி முடிவாகும் என்று நினைக்கும்படி இருந்தது.

ஓட்டுப் போட யாருக்கு உரிமை என்பதைப் பெரியவன் கவனித்துக் கேட்கட்டும். ஆணாக இருக்க வேண்டும். 50 பவுன் பெறும் நிலமோ வீடோ சொந்தமாக வேண்டும், அல்லது வருஷம் 10 பவுன் வாடகை கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்று வருஷக் குடியிருப்பும் வருஷத்துக்கு 96 பவுன் வருமானமும் வேண்டும். நம்மவர்களில் வியாபாரிகள் சிலருக்கு இந்தத் தகுதி இருந்தது. போன வருஷம் ஒரு சட்டம் போட்டார்கள். அதில் இந்தியன் என்ற பேச்சே கிடையாது. பார்லிமெண்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வழக்கமில்லாத தேசத்தார் புதிதாகப் பட்டியலில் சேர முடியாது என்று மட்டும் எழுதிவிட்டார்கள். 1891 கணக்கில் வெள்ளையர் சுமார் 47,000, நாம் சுமார் 41,000, ஜூலுக்கள் நாலரை லட்சம். ஜூலுக்கள் குடிசைக்கு வருஷம் 14 ஷில்லிங் வரி கட்டுகிறார்கள். அவர்கள் பூமி இது. கணக்கில் மட்டும்தான் அவர்கள் பேர் வருகிறது.

வீட்டு வேலையைப் பற்றி அண்ணி கேட்டிருந்தாள். காலையில் படுக்கைக்கே டீ, எட்டரைக்குக் கஞ்சி, முட்டை, இறைச்சி, ஒரு மணிக்கு டிஃபன், ஏழு மணிக்குச் சாப்பாடு. ஒன்பது பேருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரொட்டி சுட வேண்டும். உருளைக்கிழங்கை வேகவைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் கஷாயத்தில் கரைத்து, கொஞ்சம் சர்க்கரையும் பழைய ஈஸ்ட்டில் ஒரு கரண்டியும் சேர்த்துப் புட்டியில் வைத்தால் மறுநாள் நுரைக்கும். தக்கையைக் கயிற்றால் கட்ட வேண்டும், ஆனால் மார்கழி வெயிலில் இறுகக் கட்டினால் புட்டி வெடிக்கும். 7 ராத்தல் மாவுக்கு மூன்றரை பைண்ட் வெதுவெதுப்பான தண்ணீர், 2 அவுன்ஸ் உப்பு. ராத்திரி பிசைந்து துணி போட்டு மூடினால் விடிய இரண்டு பங்கு எழும்பும். மழைக்காலத்தில் மூன்று மணிக்கே எழுந்து பார்க்காவிட்டால் தோசைமாவு போலப் புளித்துவிடும், அவர்கள் வாயில் வைக்கமாட்டார்கள். அடுப்பு இரும்பு, நிலக்கரி டண்டீயிலிருந்து ரயிலில் வருகிறது. அடுப்புக்குள் ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்ப்பேன். உடனே கறுத்தால் சூடு மிஞ்சிவிட்டது, மெல்லச் சிவந்தால் ரொட்டியை உள்ளே தள்ளலாம்.

தோட்டத்து ஆளுக்கோ படி வேறே. தினம் ஒன்றரை ராத்தல் அரிசி, மாதத்துக்கு 2 ராத்தல் பருப்பு, 2 ராத்தல் கருவாடு, ஒரு ராத்தல் நெய்யோ எண்ணெயோ, ஒரு ராத்தல் உப்பு. அரிசி விலை ஏறினால் மக்காச்சோள மாவை அளந்து போடுவார்கள். புளி, மிளகாய், கீரை எல்லாம் தானே தேடிக்கொள்ள வேண்டும். நான் தோட்டத்தில் இருந்த ஐந்து வருஷத்தைப் பற்றி இதில் எழுதவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து கேட்கிற காகிதம் இது.

எங்களில் யாரைப் பார்த்தாலும் இவர்கள் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். ராமசாமி, முனிசாமி, கோவிந்தசாமி என்று நம் பெயர்களின் வாலைப் பிடித்துக்கொண்டது. கூடை சுமந்து வாழைப்பழம் விற்கிறவனும் சாமி, கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவனும் சாமி. கோவிலில் கைகூப்பிச் சொல்கிற வார்த்தை அது, அண்ணா. எட்டு வருஷமாகக் கேட்டும் என் காதுக்குப் பழகவில்லை.

ராத்திரி 9 மணிக்கு மேல் துரை எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் நாம் தெருவில் நடந்தால் போலீஸ் பிடிக்கும். ஜனவரியில் பெரிய கலவரம் நடந்தது. பம்பாயிலிருந்து வந்த கூர்லண்டு, நாதேரி என்ற இரண்டு கப்பல்களைக் கொள்ளைநோய் என்று காரணம் சொல்லி மூன்று வாரத்துக்கு மேல் வெளியே நிறுத்திவிட்டு, துறைமுகத்தில் வெள்ளைக்காரர் கூட்டம் கூடினார்கள். நம்மவர்களுக்காக நேட்டால் இந்தியக் காங்கிரஸ் சபை நடத்தும் குஜராத்தி வக்கீல் காந்தி கூர்லண்டு கப்பலில் வந்தார். அவரைத் தெருவில் அடித்தார்கள். போலீஸ் சூப்பிரண்டு அலெக்சாண்டர் துரையின் சம்சாரம் தன் குடையை விரித்துக் குறுக்கே நின்று காப்பாற்றினாள். அந்தக் குடும்பமும் வெள்ளைக்காரக் குடும்பம்தான், இதையும் எழுதாமல் விட்டால் பாவம்.

அதன் பின்பு இந்த வருஷமே சட்டங்கள் வந்தன. சொந்தச் செலவில் வருகிறவன் ஐரோப்பிய எழுத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் ஒரு அதிகாரி இஷ்டம், மேலே கோர்ட்டுக்குப் போக முடியாது.

இனி பெரியவன் காரியம். டிப்போவில் சொல்லாத ஒன்று இருக்கிறது. முன்பு வந்தவர்கள் ஐந்து வருஷம் முடித்தால் சுதந்திரம், பத்து வருஷம் முடிந்தால் திரும்பக் கப்பல் இலவசம். நான் அந்தக் கணக்கில் வந்தவன். 1895ல் போட்ட 17வது சட்டப்படி இப்போது வருகிறவன் ஐந்து வருஷம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி கைநாட்டு வைக்க வேண்டும். இரண்டும் மாட்டேன் என்று இங்கேயே இருந்தால் வருஷா வருஷம் 3 பவுன் வரி. பின்ஸ் துரை இதற்காகவே இந்தியா வந்து பேசினவர். இவர்கள் கேட்டது 25 பவுன், இந்தியாவின் வைஸ்ராய் எல்கின் பிரபு 3 பவுனுக்கு ஒப்புக்கொண்டார். கூலி முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. ஐந்து வருஷக் கூலியில் ஒரு காசு செலவழிக்காமல் வைத்தாலும் 36 பவுன்தான். வேலைக்கு வராத நாளுக்கு இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். 3 பவுன் என்றால் நம் பணத்தில் சுமார் 45 ரூபாய், முதல் வருஷக் கூலியில் சரிபாதி. பெண்சாதியும் கைநாட்டு வைத்து வந்தவளானால் 6 பவுன். கரும்பு வெட்ட ஆள் வேண்டும், வெட்டி முடித்தவன் ஊரில் குடியிருக்கக் கூடாது. இதைத்தான் இவர்கள் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகையால் அவன் கைநாட்டு வைக்க வேண்டாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொள்ளட்டும். இரண்டு வருஷம் போதும். பிறகு வருவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

இங்கே மாடுகளுக்கு வெக்கை நோய். வண்டிக்குப் பதினாறு மாடு பூட்டும் தேசம் இது, வழியெல்லாம் வண்டிகள் மாடில்லாமல் நிற்கின்றன. பால் கிடைப்பதில்லை. கோக் என்ற ஜெர்மன் டாக்டர் கிம்பர்லியில் கண்டுபிடித்தபடி, நோயில் செத்த மாட்டின் பித்தநீரை எடுத்து நல்ல மாட்டின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுகிறார்கள். பித்தம் கெட்டுப்போயிருந்தால் ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கிறது. நம் செவலையை இந்த வருஷம் சந்தைக்கு ஓட்டிப் போக வேண்டாம்.

இந்த மாதம் தெருவெல்லாம் செரிங்கா மரம் பூத்திருக்கிறது. இலை வேப்பிலை மாதிரி, பூ மட்டும் ஊதா. நேற்று ராத்திரி பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வந்தேன். காற்றில் வாசனை வந்ததும் நம் வாசல் வேம்பின் கீழே அம்மா முறத்தோடு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இன்னும் ஐந்து நாளில் தீபாவளி. இந்தக் காகிதம் உங்கள் கைக்கு வரும்போது அதுவும் போயிருக்கும். போன தீபாவளிக்கு யாருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாய் என்று அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். எனக்குத் தேய்த்துவிட இங்கே

இங்கே எல்லாம் சௌகரியமாக இருக்கிறது. கிரே தெருப் பக்கம் நம் ஆட்கள் நிறைய. பேச ஆளில்லை என்று அம்மா நினைக்க வேண்டாம்.

பாலாற்றங்கரை நிலத்தை மீட்க 8 பவுன் கேட்டிருந்தீர்கள். இதோடு 3 பவுன் அனுப்புகிறேன், மீதி தையில். அடமானப் பத்திரத்தில் வட்டி மாதக் கணக்கா வருஷக் கணக்கா என்று வாத்தியார் ஐயாவிடம் காட்டி எழுதுங்கள். செட்டியாரிடம் இந்தப் பணம் கொடுக்கும்போது பத்திரத்தின் முதுகிலேயே வரவு எழுதி வாங்குங்கள், தனிச் சீட்டு வேண்டாம். தங்கை மகளுக்கு வந்திருக்கும் வாலாஜா சம்பந்தம் நல்லதுதான். பையனுக்கு நெசவு தெரியுமா, தறி சொந்தமா வாடகையா என்பதைக் கேட்டுவிட்டுத் தட்டு மாற்றுங்கள். மூக்குத்தி என் செலவு.

எனக்கு இலவசக் கப்பல் 1899ல். அம்மாவுக்குக் கண்ணில் புரை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு வேலூர் வைத்தியரிடம் இந்த மாதமே கூட்டிப்போங்கள், நான் வருகிற வரைக்கும் காக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி