சிரப் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு: பாட்டிலோடு ஒரு சிந்தாத கரண்டியும் வேண்டும்

குழந்தைகளுக்கான சிரப் தயாரிக்கும் மருந்து நிறுவனங்களுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருபது வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்தி வருகிறேன். பதிவு பெற்ற மருந்தாளுநர். நீங்கள் அனுப்பும் சிரப் பாட்டில்கள் என் கைவழியாகத்தான் வீடுகளுக்குப் போகின்றன. நாலைந்து நாள் கழித்து, கழுத்தெல்லாம் பிசுபிசுத்து, எறும்பு மொய்த்த மூடியோடு அதே பாட்டில்கள் என் மேசைக்குத் திரும்பி வருவதையும் பார்க்கிறேன். அந்த மூடிக்கு மேல் கவிழ்ந்து வரும் அளவுக் கப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கடைக்கு வந்தார். ஒன்றரை வயதுப் பையன், காதில் சீழ். டாக்டர் ஆன்டிபயாடிக் டிரை சிரப் (தூளாக வரும், தண்ணீர் கலந்து கொடுக்க வேண்டும்) எழுதியிருந்தார்: காலையும் இரவும் 3 எம்.எல்., ஐந்து நாள். 30 எம்.எல். பாட்டில். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் கலந்து கொடுத்தது நான்தான். நாலாம் நாள் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். "மருந்து தீர்ந்துபோச்சு அக்கா. இன்னொரு பாட்டில் வாங்கணுமா, இத்தோட நிறுத்திரலாமா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று எம்.எல்., இரண்டு வேளை, ஐந்து நாள்: சரியாக 30. ஒரு சொட்டுகூட உபரி கிடையாது. ஆனால் ஏழே வேளையில் பாட்டில் காலியாகிவிட்டது.

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னேன். மூடிக்கு மேல் கவிழ்த்து வரும் பிளாஸ்டிக் கப்பைப் பையிலிருந்து எடுத்தார். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். கப்பில் 2.5-க்கு ஒரு கோடு, 5-க்கு ஒரு கோடு. மூன்றுக்குக் கோடே இல்லை. அந்த இரண்டு கோடுகளும் மையால் அச்சிட்டவை இல்லை, அதே பிளாஸ்டிக்கில் லேசாகப் புடைத்திருந்தன. அவற்றைப் பார்க்க அவர் கப்பை டியூப்லைட் பக்கம் சாய்த்தார். சாய்த்ததும் தண்ணீர் மட்டம் ஒரு பக்கம் ஏறிவிட்டது. இரண்டரைக்கு "கொஞ்சம் மேல" என்று குத்துமதிப்பாக ஊற்றினார். கப்பை வாய்க்குக் கொண்டுபோகும்போது பையன் கையை வீசினான். பாதி அவர் தோளில், மீதியில் பாதி பையன் தாடையில். "இப்படித்தான் அக்கா தினமும். சிந்தினதுக்கு எவ்வளவு திரும்ப ஊத்துறதுன்னு தெரியல. குத்துமதிப்பா இன்னும் கொஞ்சம் ஊத்துவேன்."

அந்தக் குழந்தைக்குள் போனது எத்தனை எம்.எல். என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. காது சரியாகவில்லை என்று மறுபடி போனால் டாக்டருக்கும் தெரியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் அடுத்த ஆன்டிபயாடிக்கை எழுதலாம். முதல் மருந்து முழுசாக உள்ளேயே போயிருக்காது.

அந்தப் பெண்ணின் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு கையில் திமிறுகிற குழந்தை, இன்னொரு கையில் விளிம்பு வரை திறந்த கப். யாராக இருந்தாலும் சிந்தும்.

அந்தக் கப்பை அன்று இரவே ஸ்கேல் வைத்து அளந்தேன். உள்விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 2.5 எம்.எல். மருந்து மூன்றரை மில்லிமீட்டர் உயரம்தான் நிற்கும். கண் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 0.7 எம்.எல். கூடும், அல்லது குறையும். கால் பங்குக்கு மேல் பிழை! இதே மருந்தை 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஊற்றினால் 5 எம்.எல். சுமார் நாலரை சென்டிமீட்டர் உயரம் நிற்கும். அதே ஒரு மில்லிமீட்டர் பிசகுக்கு அங்கே 0.1 எம்.எல்.தான் மாறும். அகலத்தைக் குறைத்தால் அளவு தானாகத் துல்லியமாகிறது. பார்மசி படித்த எல்லோருக்கும் இது முதல் வருடப் பாடம். உங்கள் நிறுவனங்களில் இது தெரியாதவர் இருக்க முடியாது. அப்புறம் ஏன் கப் மட்டும் இப்படியே இருக்கிறது?

கப் உடைந்தாலோ தொலைந்தாலோ வீட்டில் டீஸ்பூன் எடுப்பார்கள். கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரத்து வீடுகளிலிருந்து 71 டீஸ்பூன்களை வாங்கி அளந்து 2010-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மிகச் சின்னது 2.5 எம்.எல். பிடித்தது, மிகப் பெரியது 7.3. எல்லாவற்றுக்கும் பெயர் டீஸ்பூன்தான். நம் வீட்டு எவர்சில்வர் ஸ்பூன்களும் கடைக்குக் கடை வேறுபடுகின்றன. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல், திரவ மருந்துக்கு ஸ்பூன் கணக்கே வேண்டாம், எம்.எல். மட்டும் எழுதுங்கள் என்று சொன்னது. நம் ஊரில் "ஒரு மூடி", "அரை மூடி" என்று வாய்வழியாகச் சொல்வது இன்னும் ஓயவில்லை. நானும் அப்படிச் சொன்னவள்தான். இப்போது சொல்வதில்லை.

பாட்டிலோடு ஏதோ ஒரு கப் வந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கும் குழந்தை மருந்துகளில் அதிகம் விற்பனையாகும் 200-ஐ எடுத்துப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், 148-இல் அளவுக் கருவி இருந்தது. அதில் 146-இல் லேபிளில் எழுதிய அளவும் கருவியில் இருந்த கோடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. லேபிள் கேட்கும் அளவுக்குக் கோடு இல்லை, அல்லது தேவையே இல்லாத கோடுகள் இருந்தன. என் கடைக்கு வந்த பையனின் 3 எம்.எல். கதை அங்கேயும் நடந்திருக்கிறது. 2011-இல் அந்த நாட்டு மருந்துத் துறை நிறுவனங்களுக்கு வழிகாட்டுதலை இறுதி செய்து வெளியிட்டது: கருவி கூடவே வர வேண்டும், லேபிளோடு பொருந்த வேண்டும், தேவைக்கு மீறிய கொள்ளளவு இருக்கக் கூடாது. 2016-இல் 2,110 பெற்றோரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு முறையாவது தவறாக அளந்தார்கள். ஐந்தில் ஒருவர் இரு மடங்குக்கும் மேல் ஊற்றினார். கப்பில் அளந்தபோது பிழை அதிகம், சிரிஞ்சில் அளந்தபோது குறைவு.

பாரசிட்டமாலில் இந்தப் பிழை என்ன செய்யும் என்பது எனக்கு எப்போதும் இருக்கும் பயம். என் அலமாரியில் மூன்று வகை இருக்கிறது: 5 எம்.எல்.லுக்கு 120 மில்லிகிராம், 5 எம்.எல்.லுக்கு 250, அப்புறம் டிராப்ஸ், அது ஒரு எம்.எல்.லுக்கே 100. எட்டுக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 120 தேவை. முதல் பாட்டிலில் அது 5 எம்.எல்., இரண்டாவதில் 2.4, டிராப்ஸில் 1.2. டிராப்பர் உடைந்துபோய் யாராவது டிராப்ஸை 5 எம்.எல். கப்பில் ஊற்றிக் கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். நாலு மடங்கு. இரண்டு மூன்று வேளை அப்படிப் போனால் பாதிக்கப்படுவது அந்தச் சின்ன ஈரல்.

ஆகவே நான் கேட்பது ஒரு கரண்டி. அளக்கும்போது ஏமாற்றாத, புகட்டும்போது சிந்தாத கரண்டி.

இதற்கு வழி நம் வீடுகளிலேயே இருக்கிறது. பாலாடையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சங்கு என்பார்கள். அகன்ற வயிறு, அதிலிருந்து ஒடுங்கி நீளும் மூக்கு. மூக்கை உதட்டோரத்தில் வைத்து, குழந்தை விழுங்குகிற வேகத்துக்கு ஏற்பப் பெரியவர் லேசாகச் சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஓடுவது மெல்லிய தாரைதான். குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இன்றைக்கும் பாலாடையில் புகட்டுகிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் பாத் என்ற அமைப்பும் சேர்ந்து, உறிஞ்ச முடியாத குழந்தைகளுக்காக நிஃப்டி என்று ஒரு சிலிகான் கப் செய்தன. அதிலும் குழந்தை வாய்க்கு அருகே சின்ன வாய்க்கால், சின்னத் தேக்கம். நம் பாட்டிமார் கையில் இருந்த அதே யோசனை.

பாலாடையில் ஒரு குறை, அளவு தெரியாது. அளவுக் கப்பில் புகட்ட வராது. இரண்டையும் சேருங்கள். கைப்பிடியே குழாயாக இருக்கட்டும், 12 மில்லிமீட்டர் விட்டத்தில், ஒளி ஊடுருவும்படி. குழாயை நிமிர்த்தி வைத்து மருந்தை ஊற்ற வேண்டும், மட்டம் பார்க்க வேண்டும், பிறகு சாய்த்தால் மருந்து மேலே உள்ள கரண்டி வாய்க்கு வர வேண்டும். உள்ளீடற்ற கைப்பிடி கொண்ட மருந்துக் கரண்டிகள் வெளிநாடுகளில் பல காலமாக உண்டு. அவற்றின் வாய் திறந்து கிடக்கும். நான் கேட்பது அந்த வாயைப் பாலாடை மூக்காக ஒடுக்கி, விளிம்பை உள்பக்கம் வளைத்து, முக்கால்வாசி மூடிய ஒன்றை. பிள்ளை கையை வீசினாலும் உள்ளே இருப்பது உள்ளேயே நிற்க வேண்டும்.

இன்னொன்று, அது தானாக நிற்க வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை. அம்மாவுக்கு ஒரு கைதான் காலியாக இருக்கும். அடி தட்டையாக இருந்தால் கரண்டியை மேசையில் நிறுத்திவிட்டு, அந்த ஒரு கையாலேயே பாட்டிலைச் சாய்த்து ஊற்றலாம், குனிந்து கண் மட்டத்தில் கோட்டைப் பார்க்கலாம். கையில் பிடித்துக்கொண்டே பார்க்கும்வரை எந்தக் கோடும் நேராகத் தெரியாது.

கோடுகள் கறுப்பு மையில் அச்சாக வேண்டும், அரை எம்.எல். இடைவெளியில். எண்ணும் எம்.எல். என்ற எழுத்தும் போதும், வேறு எந்த அளவும் வேண்டாம். கோடு போடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சிரப் கெட்டியானது, குழாய்ச் சுவரில் ஒட்டும். 5 எம்.எல். ஊற்றினால் 5 எம்.எல். வெளியே வராது. ஆய்வகத்தில் திரவம் அளக்கும் பிப்பெட் குழாயில் வெளியே வரும் அளவுக்குத்தானே கோடு போடுகிறோம்? இங்கேயும் அப்படித்தான் போட வேண்டும், உங்கள் சிரப்பையே ஊற்றிப் பார்த்து. தண்ணீரில் சோதித்தது சிரப்புக்கு உதவாது.

அது கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். உள்ளே பிரஷ் போகாத குழாயில் சர்க்கரைப் பாகு காய்ந்தால் மறுநாள் எறும்பு, அதற்கு மறுநாள் பூஞ்சை. ஆனால் கழற்றும் துண்டு எதுவும் குழந்தை விழுங்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கக் கூடாது. என் கடையில் பலர் ஊசி போடும் சிரிஞ்சை வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு மருந்து புகட்டுகிறார்கள். அளவு சரியாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊசி மூடி குழந்தை கையில் கிடைத்தால் தொண்டையில் அடைக்கும். தடுப்பூசி போட்ட பிள்ளைக்குச் சிரிஞ்சைக் கண்டாலே அழுகை, அழுகிற வாயில் ஊற்றினால் புரையேறும். ஊசி பொருந்தாத, வாய்வழி மருந்துக்கென்றே செய்த சிரிஞ்சுகள் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மருந்தோடு அதையே பாட்டில் வாய்க்குப் பொருத்தும் அடைப்பானோடு கொடுங்கள். அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கரண்டி.

பெரியவர்களுக்கும் கரண்டிதான். பார்க்கின்சன் வந்து கை நடுங்கும் ஒருவர் எங்கள் தெருவில் தனியாக இருக்கிறார். மலச்சிக்கலுக்கான சிரப்பைத் தானே ஊற்றிக் குடிக்க வேண்டும். 15 எம்.எல். கப் வாய்க்குப் போவதற்குள் சட்டை நனைந்துவிடும். அவருக்காகவும்தான் கேட்கிறேன்.

இனி அதிகாரிகளுக்கு. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தபோது, அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரிந்து என்னால் பல நாள் தூங்க முடியவில்லை. பாட்டிலுக்குள் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதே கண்காணிப்பு பாட்டிலோடு வரும் கருவிக்கும் வர வேண்டும் என்கிறேன். 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட உத்தரவு போட்டீர்கள். பிறகு வந்த பாட்டில்களில் அதைக் காட்டி என்னால் பெற்றோரிடம் பேச முடிந்தது. அதுபோல ஒரு உத்தரவு இதற்கும் போடுங்கள்: குழந்தைகளுக்கான ஒவ்வொரு திரவ மருந்திலும் அளவுக் கருவி இருக்க வேண்டும், சீட்டில் வழக்கமாக எழுதப்படும் அளவுகளுக்கு அதில் கோடு இருக்க வேண்டும், எத்தனை எம்.எல். உண்மையில் வெளியே வருகிறது என்று சோதித்த பிறகே விற்பனைக்கு வர வேண்டும்.

செலவு கூடும் என்பீர்கள். கூடட்டும், பெட்டியில் விலை போட்டு விற்கிறீர்கள், அதில் சேருங்கள். ஒரு வேளை மருந்து பாதி சிந்தி, ஐந்து நாள் மருந்து மூன்றரை நாளில் தீர்ந்து, இரண்டாவது பாட்டில் வாங்குகிறவர்கள் அந்தச் செலவை இப்போதே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதல் மாதிரி தயாரானால் எனக்குப் பத்துக் கரண்டி அனுப்புங்கள். கடைக்கு வரும் அம்மாக்களிடமும் அப்பாக்களிடமும் பாட்டிகளிடமும் கொடுத்து, சர்க்கரைப் பாகில் 3 எம்.எல். ஊற்றச் சொல்லி, பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே புகட்டிப் பார்க்கச் சொல்கிறேன். எவ்வளவு ஊற்றினார்கள், எவ்வளவு சிந்தியது, எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை, எந்த மூலையில் பாகு தங்கியது, எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுதி அனுப்புகிறேன். காதில் சீழ் வந்த அந்தப் பையனின் அம்மாவிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்து மருந்தாளுநர் ஒருவர்