பனிமலைக்கு முன்பணம் கட்டிவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். இங்கே எழுதினால் உன் நண்பர்கள் யாராவது படித்துவிட்டு உன்னைப் பிடித்துக் கேட்பார்கள். அதனால்தான் ஊரறிய ஒரு கடிதம்.

நேற்று சாயங்காலம் உன் அம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன், தொடவில்லை. "உன்னைப் பார்த்துத்தான் அவனும் கெட்டான்" என்றாள். மணாலிக்குப் பக்கத்தில் பிரண்ட்ஷிப் பீக் ஏறப் பணம் கட்டிவிட்டாயாம். முதல்முறை ஏறுபவர்களுக்கு ஏற்ற சிகரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததாம். போக வர எல்லாம் சேர்த்து ஆறே நாளாம். அந்த 'ஆறு நாள்' காதில் விழுந்ததும் என் காபியும் ஆறிப்போனது.

விளம்பரத்தில் பொய் இல்லை. செங்குத்தான பனிச்சுவர் கிடையாது, பாறையில் தொங்க வேண்டியதில்லை. சரிவான பனியில் கயிறு கட்டிக்கொண்டு, காலில் கிராம்பான் என்கிற இரும்புப் பற்களை மாட்டி, கையில் ஐஸ் ஆக்ஸ் என்கிற பனிக்கோடரியைப் பிடித்து நடந்தால் போதும். அதை முகாமிலேயே ஒரு நாள் கற்றுக்கொடுப்பார்கள். பாதை எளிது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். உயரம் எளிது என்று அர்த்தமில்லை. சிகரம் 5,289 மீட்டர். நம் கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர்கூட இல்லை. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். முழு டம்ளர் என்று வாயில் வைத்தால் அரை டம்ளர்தான் உள்ளே போகிறது.

2019 ஜூனில் நான் முதல் தடவை போனபோது இதெல்லாம் தெரியாது. அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இப்போது யார் நடத்துகிறார்களோ. மணாலியில் ஒரு ராத்திரி. மறுநாள் துந்தி வரை ஜீப், அங்கிருந்து நடந்து பக்கர்தாச் முகாம், சுமார் 3,300 மீட்டர். அதற்கடுத்த நாளே 3,900 மீட்டரில் மேல் முகாம். அடுத்த நள்ளிரவு சிகரம். இடையில் ஓய்வு நாளே இல்லை. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், நேற்றுத் தூங்கிய இடத்துக்கும் இன்று தூங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும் என்று பிறகுதான் படித்தேன்.

மேல் முகாமில் தலைவலி. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாடு பிடிக்கவில்லை. வட இந்தியச் சமையல் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. நள்ளிரவில் கிளம்பி, விடியும்போது 4,800 மீட்டர் பக்கம் இருந்தோம். எங்கள் கைடு மணாலிப் பக்கத்துப் பையன், உன் வயதுதான் இருக்கும். என்னை நிறுத்தி, "தீதி, ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டான். யோசித்தேன். வரவில்லை. சிரித்து மழுப்பினேன். பனியில் ஐஸ் ஆக்ஸால் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலும் மறு காலின் விரலும் ஒட்டுகிற மாதிரி அதன்மேல் நடக்கச் சொன்னான். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசாமல் என் கயிற்றைத் தன்னோடு கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டான். எனக்கு அழுகை, கோபம். கட்டிய பணம், வாங்கிய லீவு, ஊரில் சொல்லிவிட்டு வந்த பெருமை எல்லாம் சேர்ந்து அவனைத் திட்டினேன். தமிழில்தான், நல்லவேளை.

உயரத்துக்கு உடம்பு பழகாமல் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்தால் நடை தள்ளாடும், நினைவு குழம்பும். நுரையீரலில் கோத்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இரண்டுக்கும் முதல் மருந்து இறக்கம்தான். பக்கர்தாச் வந்து சேர்ந்தபோது ராத்திரி சாப்பிட்டது உருளைக்கிழங்கு என்று ஞாபகம் வந்துவிட்டது. ஓய்வு நாளே இல்லாமல் அவசர அவசரமாகத் திட்டம் போட்டது அந்த நிறுவனத்தின் அலுவலகம். என்னைக் காப்பாற்றியது அந்தப் பையன்.

அதனால் நீ அவர்களிடம் கேட்க வேண்டியது கூடாரம் எத்தனை பேருக்கு, சாப்பாடு என்ன என்பதையெல்லாம் அல்ல. 3,000 மீட்டருக்கு மேலே எத்தனை ராத்திரி என்று கேள். வானிலை கெட்டால் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று கேள். ஒரு கயிற்றில் ஒரு கைடுக்கு எத்தனை பேர், ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாம் வரை வருகிறது, கைடு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் படித்தவரா என்று கேள். முக்கியமாக, "திரும்பு" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேள். கைடு சொன்னால் முடிந்தது என்று சொல்கிறவனிடம் போ. "எங்களிடம் வந்தால் எல்லாரும் உச்சியைத் தொட்டுவிடுவார்கள்" என்கிறவனிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேள். தரவில்லையென்றால் போகட்டும். சுமை தூக்குகிறவர்களுக்குச் சரியான ஷூவும் காப்பீடும் உண்டா என்றும் கேட்டுப் பார். அதற்குத் தடுமாறுகிறவர்கள் மற்றதிலும் தடுமாறுவார்கள் என்பது என் அனுபவம்.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, டாக்டரைக் கேள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர் கொடுத்துப் போட்டால் விரல் நுனி சுருசுருக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், பயப்படாதே.

ஏன் நள்ளிரவில் கிளம்ப வேண்டும் என்று உன் அம்மா கேட்டாள், திருடன் மாதிரி. ராத்திரிக் குளிரில் பனி இறுகிக் கிடக்கும், கிராம்பான் பிடிக்கும். வெயில் ஏற ஏற இளகிவிடும். முழங்கால் வரை புதையும், பனிச்சரிவுக்கும் வாய்ப்பு கூடும், வெடிப்புகளை மூடியிருக்கும் பனிப்பாலம் தாங்காது. அதனால்தான் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தாலும் குறித்த மணியானால் திரும்ப வேண்டும்.

எளிய மலை என்று ஒன்று இருக்கிறதா என்பதிலேயே எனக்கு இப்போது சந்தேகம். 2022 அக்டோபரில் இரண்டாம் தடவை போக டெல்லி ரயிலில் இருந்தபோதுதான், உத்தரகாண்டில் திரௌபதி கா டண்டா சிகரத்தில் பயிற்சிக்குப் போன அணி பனிச்சரிவில் சிக்கிய செய்தி வந்தது. 25 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆசிரியர்களோடு போன பயிற்சி மாணவர்கள். உன் அம்மா நாக்பூருக்குள் பதினோரு தடவை போன் செய்தாள். திரும்பிவிடலாமா என்று நானும் யோசித்தேன், அதை மறைக்கவில்லை. போனேன். இந்தத் தடவை ஒன்பது நாள் திட்டம். பக்கர்தாச்சிலேயே இரண்டு ராத்திரி, பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூக்கம். உச்சியைத் தொட்டேன். ஹனுமான் திப்பா, தேவ் திப்பா, இந்திராசன் எல்லாம் தெரிந்தன. குளிரில் பத்து நிமிஷம் நின்றிருப்பேன். படம் உன்னிடம் இருக்கிறது.

இப்போது நம்மூர் விஷயம். டெல்டாவில் பிறந்தவனுக்கு ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலம்தான். இருக்கும் ஒரே மலை சுவாமிமலை, அதுவும் கட்டுமலை. பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷத்துக்கு 60 படி. நான் அதில்தான் பழகினேன். முதுகுப்பையில் 8 கிலோ பொன்னி அரிசி, காலை நடை திறந்ததும் 20 தடவை ஏறி இறக்கம். 1,200 வருஷம் ஆகிவிடும் முடிப்பதற்குள். மூன்றாம் நாள் வாசலில் இருந்த காவலர், "என்னம்மா, வேண்டுதலா?" என்றார். ஆமாம் என்றேன். அதன்பிறகு பையை வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா என்று தினமும் கேட்பார். வேண்டுதலே அந்தப் பைதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

கணக்குப் போட்டுப் பார். மேல் முகாமிலிருந்து உச்சிக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏற்றம். ஒரு படி அரை அடி என்றால், சுவாமிமலையை 150 தடவை. அதுவும் அரை டம்ளர் காற்றில், இருட்டில். இதற்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். சென்னையில் உன் ஆபீஸ் லிப்டை இன்றோடு விட்டுவிடு. மாதம் ஒரு தடவை கொல்லிமலை ஆகாய கங்கைக்கு இறங்கி ஏறு, ஆயிரம் படிக்கு மேல் உண்டு. இறங்கும்போதுதான் முட்டிக்கு வேலை. படியால் மூச்சும் காலும் பழகும், உயரம் பழகாது. அதற்கு அங்கே போய் நாள் கணக்கில் இருப்பதைத் தவிர வழி கிடையாது.

ஜூலை, ஆகஸ்டில் தேதி கொடுத்தால் வேண்டாம் என்று சொல். நம் ஆற்றில் தண்ணீர் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவமழை மணாலிப் பக்கமும் கொட்டும். மே, ஜூன் அல்லது செப்டம்பர் கடைசி. பெரிய உயரம்தான் வேண்டும் என்று லடாக்கின் ஸ்டோக் காங்ரியைத் தேடாதே. 6,153 மீட்டர், நடந்தே ஏறலாம் என்று கூட்டம் கூட்டமாகப் போய், 2020ல் அதை மூடும்படி ஆனது. கீழே இருக்கும் ஊர்களுக்குக் குடிக்கவும் பாசனத்துக்கும் அந்த மலையிலிருந்து வரும் நீர்தான். தண்ணீரை மேலே இருப்பவன் கெடுத்தால் கடைமடைக்காரன் என்ன ஆவான் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய் எடுத்துக்கொள். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. முதல் தடவை அரைவேக்காட்டுச் சோற்றைப் பார்த்துவிட்டு அந்தச் சமையல்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம் அவர்.

சரி, உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ அந்த ஆறு நாள் திட்டத்தை ஒன்பதாக மாற்றிக் கேட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குப் போன் செய். என் பனிக்கண்ணாடியும் கையுறையும் பரணில் இருக்கின்றன, இறக்கி வைக்கிறேன். இந்த ஞாயிறு ஊருக்கு வந்தால் காலை ஐந்தரைக்குத் தயாராக இரு. அரிசி நான் கட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தி