வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். ஆகஸ்ட் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் எங்கள் பள்ளி மாவட்டத்தின் சேர்க்கை அலுவலகத்தில் எனக்கு முன்னால் நின்றவர் நீங்கள். மதுரையிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகாத எங்களிடம் வாடகை ஒப்பந்தம், கடவுச்சீட்டுகள், மகளின் தடுப்பூசி அட்டை இவைதான் இருந்தன.

அந்த அட்டையை வாங்கி வரிவரியாகப் பார்த்தீர்கள். சின்னம்மைக்கு இங்கே இரண்டு தவணை வேண்டும், மகளுக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். மருத்துவரின் கிறுக்கலில் இருந்த தேதிகளையெல்லாம் தனித்தாளில் தெளிவாக எழுதியும் கொடுத்தீர்கள். அதற்குள் உங்கள் முறை வந்துவிட்டது. பின்னால் நின்றவரை முன்னே அனுப்பினீர்கள்.

வீட்டு மொழி பற்றிய படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதத் தயங்கினேன். ஆங்கிலத் தேர்வு வைத்து, பிள்ளையைக் குறைவாக மதிப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். “உண்மையை எழுது தம்பி. அவளுக்கு உதவி தேவையா என்று பார்க்கத்தான் அந்தத் தேர்வு” என்றீர்கள். எழுதினேன்.

இந்த மாநில அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அதைக் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது.

பள்ளி திறந்த அன்று வாசலில் உங்களைத் தேடினேன், காணவில்லை. இதைப் படித்தால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் அக்கா. மகளும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.