ஏர்வாடி ரோட்டுக்கு வா

அன்பு மகள் மலருக்கு,

கியர் சைக்கிளோடு நீ நிற்கிற போட்டோ வந்தது. பொங்கல் லீவில் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்கு ஓட்டப்போவதாகச் சொன்னாய். 1964 புயல் அடித்துப்போன ஊரை அவர்களுக்குக் காட்ட ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் லீவு நாளில் அரிச்சல்முனை ரோட்டில் வேனும் பஸ்ஸும் வரிசை கட்டும். கடலைப் பார்க்க விடாமல் முன்னால் போகிற வண்டியையே பார்க்க வைக்கும். இந்தத் தடவை ஏர்வாடி ரோட்டுக்கு வா. தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு உன் அம்மா மிதித்த ரோடு அது. ராமநாதபுரத்திலிருந்து போய்வரச் சுமார் 60 கிலோமீட்டர். நீ இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடுவாய். தயவுசெய்து அப்படி முடிக்காதே, ஒரு பகல் முழுவதையும் கொடு.

தையில் வாடைக்காற்று. போகும்போது முதுகைத் தள்ளும், காலில் புது பலம் வந்தது போலிருக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் வந்து நிற்கும். ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது இதற்கு நேர்மாறு. அதனால் போகையிலேயே வலுவைச் செலவழிக்காதே.

ஆறு மணிக்குக் கிளம்பினால் திருப்புல்லாணிக் கோயிலில் கூட்டம் இருக்காது. கடலரசனிடம் வழி கேட்டு ராமர் தர்ப்பைமேல் கிடந்த கோலம் அங்கே. பாயசப் பிரசாதம் கிடைத்தால் விடாதே. அங்கிருந்து சேதுக்கரைக்குக் கொஞ்ச தூரம்தான். அமாவாசை இல்லாத நாளில் கரை உங்களுக்கே.

கீழக்கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நட. சந்துகள் குறுகல். ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார், கோயில் மண்டபத்தில் நிற்பது போலவே இருக்கும். உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி வள்ளல் இந்த ஊர்க்காரர். பள்ளிக்குள் போகுமுன் அனுமதி கேட்டுக்கொள். தொதல் வாங்கு. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் மணிக்கணக்கில் கிண்டிச் செய்வது, பையில் கிடந்தாலும் கெடாது.

ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள், நீங்களும் போய்விட்டு வாருங்கள். ஆனால் நான் உன்னை அந்தப் பக்கம் அனுப்புவது சின்ன ஏர்வாடிக் கரைக்காகத்தான். அங்கே பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் அதற்குத் தோது. சேலைமேல் சட்டை போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்பார்கள். உன் லேபில் தட்டில் ஊற்றிக் கிருமி வளர்க்கிறாயே அகர், அது எடுப்பது இந்த மாதிரிப் பாசியிலிருந்துதான். ஆய்வகத்தில் வேலை பார்க்கிற பிள்ளை அந்தக் கைகளைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அந்த விரல்களின் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான்.

எதிரே தெரிகிற தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. மொத்தம் 21 தீவுகள். 1986இல் பூங்காவாக அறிவித்த பிறகு அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்கத் தடை. பவளப்பாறை பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தலைமுறையாகத் தீவோரம் பாசி எடுத்தவர்களுக்கு அந்தத் தடை எங்கே வலித்தது என்பதையும் அவர்கள் வாயாலேயே கேள். உட்கார்ந்து பேசு. கேட்காமல் போட்டோ எடுக்காதே.

மூன்று மணிக்காவது திரும்பத் தொடங்கிவிடு, எதிர்க்காற்று நேரம் தின்னும். ஓய்வெடுக்க ரோட்டை விட்டு இறங்காதே. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் பார்க்காது. ஆளுக்கு இரண்டு ட்யூபும் காற்றடிக்கிற பம்பும் எடுத்து வாருங்கள். மினரல் வாட்டரை நம்பாமல் வீட்டிலிருந்தே தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

எத்தனை பேர், யார் யார் சைவம் என்று முந்தின நாளே போன் பண்ணிச் சொல். மற்றவர்களுக்கு ராத்திரி நகரைமீன் குழம்பு.

அன்புடன்,
அம்மா